கூட்ட நெரிசலுக்கும் ஒரு கணக்கு உண்டு



போன வருஷப் பொதுக்கூட்டத்தில் சாப்பாட்டு நேரத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மண்டபக் கதவில் ஒரு பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். வயதான அம்மா இரண்டு பேர் கீழே விழுந்துவிட்டார்கள். "ஜனங்களுக்குப் பொறுமையே இல்ல" என்று அன்றைக்கு நாங்களும்தான் சொன்னோம். பிறகு இதுபற்றிப் படித்தபோதுதான், கோளாறு கதவிலும் இருந்தது என்று புரிந்தது.

நெரிசலில் மனுஷர் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1995இல் ஹெல்பிங், மோல்னார் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், நடக்கிற ஒவ்வொரு ஆளையும் கணினியில் ஒரு புள்ளியாக வைத்தார்கள். போகவேண்டிய இடத்தை நோக்கி அந்தப் புள்ளிக்கு ஒரு இழுப்பு. பக்கத்து ஆள் மேலேயும் சுவர் மேலேயும் இடிக்காமலிருக்க ஒரு தள்ளல். இரண்டுக்கும் எண் கொடுத்துக் கூட்டினால், அந்த ஆள் அடுத்த நொடி எங்கே இருப்பார் என்று தெரிந்துவிடும். 2000ஆம் ஆண்டில் ஹெல்பிங் வேறு இருவரோடு சேர்ந்து, பயந்து ஓடும் கூட்டத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தார். விடை என்ன தெரியுமா? வாசலில் அவசரப்பட அவசரப்பட, வெளியே வருவது தாமதமாகிறது! குறுகின வாயுள்ள புனலில் நெல்லை மொத்தமாகக் கொட்டினால் அடைத்துக்கொள்ளும் இல்லையா, அந்த மாதிரி.

நாமும் ஒரு கணக்குப் போடலாம். ஒரு மீட்டர் அகலக் கதவில் நொடிக்குச் சுமார் 1.3 பேர் வெளியே வரலாம். மண்டபத்தில் 200 பேர் என்றால் 200ஐ 1.3ஆல் வகுக்க வேண்டும். சுமார் 154 நொடி, அதாவது இரண்டரை நிமிஷம். இது தள்ளாமல் வந்தால். பாதிக் கதவு பூட்டியிருந்தால் ஐந்து நிமிஷம் ஆகும். தீ அதுவரை காத்திருக்காது.

ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை நின்றால் சமாளிக்கலாம். ஆறு, ஏழு பேர் ஆகிவிட்டால் நம்ம கால் நம்ம பேச்சைக் கேட்காது, கூட்டம் தண்ணீர் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். 2006 ஜனவரியில் மெக்காவுக்குப் பக்கத்தில் மினாவில் ஹஜ் பயணிகள் 300க்கும் மேற்பட்டோர் நெரிசலில் இறந்தார்கள். அந்த வீடியோவை ஹெல்பிங் குழு ஆராய்ந்தது. சீராக நடந்த கூட்டம் முதலில் நின்று நின்று நகர்ந்திருக்கிறது. பிறகுதான் நாலா பக்கமும் அலைமோதியிருக்கிறது. ஆக, நின்று நின்று நகர ஆரம்பித்தாலே பின்னால் வருகிறவர்களை நிறுத்திவிட வேண்டும். முன்னால் ஆள் விழுந்தது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. சென்னை எம்.ஜி.ஆர். நகரில் 2005 டிசம்பர் 18 அன்று வெள்ள நிவாரணம் வாங்க வந்தவர்களில் 42 பேர் நெரிசலில் இறந்தார்கள். வாங்க வந்தது நம்மைப் போன்ற ஏழை ஜனங்கள்தான்.

புள்ளிக் கணக்கில் ஒரு குறையும் உண்டு. 1973இல் மேன் தீவில் சம்மர்லேண்ட் என்ற பொழுதுபோக்குக் கட்டடம் எரிந்தது. தப்பியவர்களை விசாரித்தபோது, பிரிந்திருந்த குடும்பத்தார் வாசலைப் பார்த்து ஓடாமல் தங்கள் ஆட்களைத் தேடிப் போனது தெரிந்தது. பிள்ளையை விட்டுட்டு எந்தத் தாய் ஓடுவா? அதனால் இந்த வருஷம் கைக்குழந்தைக்காரர்கள் வாசலோரம், பிள்ளையோடு சேர்ந்தே உட்காரட்டும். சாப்பாடு மூன்று இடத்தில் கொடுப்போம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் தரையில் ஒரு மீட்டர் சதுரம் சாக்பீஸால் வரைந்து, ஒவ்வொருவராக ஏறி நின்று பாருங்கள். எத்தனையாவது ஆளில் மூச்சு முட்டுகிறது என்று எண்ணுங்கள். ஊக்குநர்கள் மண்டபக் கதவுகளை அளந்து, கணக்குப் போட்டு, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.