புழுவின் பேரேட்டில் “மேற்படி”

சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யச் செல்லுங்கால், கூலிப் பட்டியலின் முதல் வரியில் மட்டும் விவரம் எழுதப்பட்டு, அடுத்து வரும் இருபது வரிகளிலும் “மேற்படி, மேற்படி” என்றே இருப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். புதிதாக வேலையில் சேர்ந்தவர் அவ்வரிகளை விரைந்து கடந்து விடுவார். அனுபவம் வாய்ந்தவரோ அங்கேதான் நின்று எண்ணுவார். இருபது இருக்கவேண்டிய இடத்தில் பத்தொன்பது இருப்பின், யாரோ ஓர் அங்கத்தினரின் கூலி விட்டுப் போயிருக்கும்.

உயிர்களின் உடலிலும் இத்தகைய பேரேடு ஒன்று உண்டு. அதிலும் “மேற்படி” உண்டு. உருளைப்புழுக்களை உதாரணமாகக் கொண்டு அதனை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

உருளைப்புழுக்கள் எவை?

குழந்தைகளின் குடலில் வாழும் நாக்குப்பூச்சி, யானைக்கால் நோயை உண்டாக்கும் நூல் போன்ற புழு, கத்தரி, தக்காளிச் செடிகளின் வேர்களில் முடிச்சு விழச் செய்யும் நூற்புழு ஆகிய யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஒரு தீங்கும் செய்யாதனவும் பல உள. அவற்றுள் ஒன்று சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது. அதன் நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர். மக்கும் பொருள்களில் உள்ள நுண்ணுயிர்களைத் தின்று வாழ்வது. 1960-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் சிட்னி பிரென்னர் என்னும் விஞ்ஞானி இதனைத் தம் ஆராய்ச்சிக்குத் தேர்ந்துகொண்டார்.

ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆனது அது. இப்புழுவின் இழையில் சுமார் 10 கோடி எழுத்துகள்; அவை ஆறு குரோமோசோம்களாகப் பிரிந்துள்ளன. 1998-ஆம் ஆண்டு டிசம்பரில் இப்பேரேடு வாசிக்கப்பெற்று வெளியாயிற்று. பல உயிரணுக்களால் ஆன பிராணிகளுள் இவ்வாறு வாசிக்கப்பட்டது இதுவே முதலாவது. அதில் சுமார் 20,000 மரபணுக்கள் காணப்பட்டன. அவற்றோடு, ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளும் காணப்பட்டன.

இருவகை மறுவரவு

இத்தொடர்கள் இரு வகையின. முதல்வகை, கரையின் கட்டம் போல ஒன்றையடுத்து ஒன்றாக வருவது. இப்புழுவின் குரோமோசோம்கள் ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் “டி டி ஏ ஜி ஜி சி” என்னும் ஆறெழுத்துத் தொடர் பன்முறை வருகின்றது. முந்தானையின் ஓரத்தில் குஞ்சம் முடிந்துவிட்டால் நூல் பிரியாதன்றோ? அவ்வாறே இம்முனைகள் இழையைச் சிதையாமல் காக்கின்றன.

இரண்டாம் வகை, சேலையின் உடலில் போட்ட புட்டாக்கள் போல ஆங்காங்கே சிதறி வருவது. இவற்றுட் சில, தாமே ஓரிடத்தினின்று வேறிடத்திற்குத் தாவ வல்லவை. டி.சி.1 என்னும் 1,610 எழுத்துள்ள தொடர் அத்தகையது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வகைப் புழுவில் அது சுமார் முப்பது இடங்களில் உள்ளது. பிரான்சு நாட்டின் பெர்ஜெராக் வகையிலோ சில நூறு இடங்களில் உள்ளது. அது தசையைச் சேர்ந்த ஒரு மரபணுவினுள் தாவி விழுந்தால், புழு ஓயாமல் துடிக்கும். அங்கிருந்து அது விலகிவிட்டால், சந்ததியில் துடிப்பு நீங்குவதும் உண்டு.

பிரிஸ்டல் புழுவின் கருவணுக்களில் இத்தொடர் தாவாமல் அடங்கியிருப்பதேன்? உயிரணுவிலேயே ஒரு காவல் உண்டு என்பது 1999-இல் தெளிவாயிற்று. சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளைக் கொண்டு வேண்டாத தொடர்களை வாயடைக்கும் ஏற்பாடு அது. அக்காவல் கெட்ட சில புழுக்களில், அடங்கியிருந்த தொடர்கள் மறுபடியும் தாவத் தொடங்கின.

எண்ணுவதில் உள்ள தொல்லை

ஒரு சேலையைச் சாண் சாணாக வெட்டி, துண்டுகளைக் கலைத்து, மறுபடியும் வரிசைப்படுத்தச் சொன்னால் நம் நெசவாளர் என்ன செய்வார்? முந்தானைத் துண்டுகளை எளிதில் இணைத்து விடுவார். ஆனால் ஒரே கட்டம் ஓடும் கரைத்துண்டுகள் யாவும் ஒன்றுபோலவே இருக்குமாதலின், எது முன், எது பின், மொத்தம் எத்தனை என்று அவரால் கூற இயலாது. விஞ்ஞானிகளும் இழையைச் சிறு துண்டுகளாக்கியே வாசித்தனர். அவர்களுக்கும் இதே தொல்லை நேர்ந்தது. பின்னர் நீண்ட துண்டுகளை ஒரே மூச்சில் வாசிக்கும் கருவிகள் வந்தன. 2019-இல் பிரிஸ்டல் வழிவந்த புழு ஒன்றை அவ்வாறு வாசித்தபோது, முந்தைய ஏட்டில் இல்லாத சுமார் 18 லட்சம் எழுத்துகள் கூடுதலாகக் கிடைத்தன. அவற்றுட் பல மறுவரவுத் தொடர்களே.

கழிப்பன எல்லாம் குப்பையா?

1887-ஆம் ஆண்டில் தியோடர் போவேரி என்னும் ஜெர்மானிய அறிஞர் குதிரையின் உருளைப்புழுவில் ஒரு விந்தையைக் கண்டார். கரு வளருங்கால், உடலாகப் போகும் உயிரணுக்கள் தம் குரோமோசோமின் பெரும்பகுதியைக் கழித்து விடுகின்றன. சந்ததியைத் தரும் அணுக்கள் மட்டுமே முழு ஏட்டையும் வைத்துக்கொள்கின்றன. பன்றியின் உருளைப்புழுவிலும் இவ்வாறே நிகழ்கின்றது. அதில் கழிவது சுமார் 13 சதவீதம் என்றும், அதிற் பெரும்பங்கு 121 எழுத்துள்ள ஒரே தொடரின் மறுவரவு என்றும் 2012-இல் கணக்கிடப்பட்டது. ஆயினும் அக்கழிவினுள் பல நூறு மரபணுக்களும் இருந்தன. அவை பெரும்பாலும் விந்து, முட்டை ஆகியவற்றின் உற்பத்தியைச் சார்ந்தவை. உடலுக்கு வேண்டாதது சந்ததிக்கு வேண்டியதாக இருக்கலாம் என்பது இதனாற் பெறப்படும்.

நமக்கு இதனால் ஆவது என்ன?

குழித்தறியில் அமர்ந்து மிதிக்கும் நெசவாளருக்குக் கால்களே முதல். கால் வீங்கி மிதிக்க இயலாமற்போய், தறியை மகனிடம் விட்டுத் திண்ணையில் அமர்ந்து நூல் சுற்றும் ஓர் அங்கத்தினரை நாம் சுற்றுப்பயணத்தின்போது கண்டிருக்கிறோம். முற்றிய யானைக்காலை மருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் அரிது. ஆகவே முன்னதாக அறிதலே முக்கியம்.

நம் தேசத்தில் இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் இரவிலேயே இரத்தத்தில் மிகுந்து உலவும். எனவேதான் இரவில் இரத்தம் எடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. சில குஞ்சுகளே இருப்பின் அவை பார்வைக்குத் தப்பவும் கூடும். இங்கேதான் “மேற்படி” உதவிக்கு வருகின்றது. இந்நோயின் மற்றொரு காரணமாகிய புருகியா மலாயி என்னும் புழுவில், 322 எழுத்துள்ள ஒரு தொடர் சுமார் 30,000 முறை வருகின்றது. அதன் பேரேட்டில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு அதுவே. ஒரே முறை வரும் எழுத்தைத் தேடுவது கடினம். முப்பதாயிரம் முறை வருவதைத் தேடுவது எளிதன்றோ? ஒரு துளி இரத்தத்திலும், பிடித்த கொசுக்களை ஒன்றாக அரைத்த சாற்றிலும் இத்தகைய தொடரைப் பெருக்கிக் கண்டுபிடிக்கின்றனர். நம் நாட்டில் மிகுந்துள்ள வுச்சரேரியா புழுவுக்கும் அதற்கே உரிய மறுவரவுத் தொடரைக் கொண்டு இவ்வாறு சோதனை செய்யப்படுகின்றது. மாத்திரை கொடுத்து முடிந்த ஊரில் புழு ஒழிந்ததா, யாருடைய இரத்தத்திலேனும் எஞ்சியுள்ளதா என்பதை அறிய இச்சோதனை துணைசெய்கின்றது.

ஆதலின் சுகாதார ஊழியர்கள் தறிக்கூடத்திற்கு இரத்தம் எடுக்கவோ, கொசு பிடிக்கவோ வருங்கால், வேலை கெடுகிறதென்று அங்கத்தினர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பலாகாது. மாத்திரை தரப்படும் நாளில், “எனக்குத்தான் நோயில்லையே” என்று அதனை மடியில் முடிந்து வைத்தலும் ஆகாது. வெளியில் ஒன்றும் தெரியாதவரின் இரத்தத்திலும் புழு இருத்தல் கூடும். சங்க நிர்வாகிகள் இவற்றை அடுத்த கூட்டத்தில் எடுத்துக் கூறுவார்களாக.

பேரேட்டில் திரும்பத் திரும்ப வரும் வரியைப் பயனற்றதென்று ஒதுக்காமல், நின்று எண்ணிப் பார்த்தோர்க்கே உண்மை புலனாயிற்று. நம் சங்கக் கணக்கிற்கும் இது பொருந்தும்.