வேகத்திற்கு முன் ஒரு சோதனை

தெலுக் பங்லிமா காராங்கில் வளர்ந்தவன் நான். கிள்ளானையும் பந்திங்கையும் இணைக்கும் 5ஆம் எண் கூட்டரசு சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் செல்கிறது. அச்சாலையில் லாரி ஓட்டும் என் தந்தை, ஆறு மாதத்திற்கு ஒருமுறை லாரியைச் சோதனைக்குக் கொண்டு செல்வார். ஒரு நாள் வருமானம் போகிறதே என்று முணுமுணுத்தாலும் போகத் தவறியதில்லை. என் காப்சாய் மோட்டார் சைக்கிளுக்கோ அப்படியொரு கட்டாயச் சோதனை இல்லை. முதலாம் ஆண்டில் ஒரு மழைக்காலை, முன் பிரேக் கேபிள் அறுந்து, லாரி ஒன்றின் பின்புறத்தில் மோதாமல் மயிரிழையில் தப்பினேன். அறுந்த கேபிளைப் பார்த்தேன். பாதி இழைகள் முன்பே துருப்பிடித்துப் பிரிந்திருந்தன. நான்தான் கவனிக்கவில்லை.

அதன் பிறகே தரைவேகப் பந்தயம் பற்றித் தேடிப் படித்தேன். இப்பந்தயத்தில் எதிராளி இல்லை. நேர்ப்பாதையில் கடிகாரத்தோடுதான் போட்டி. 1997 அக்டோபர் 15ஆம் நாள் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஆண்டி கிரீன் மணிக்கு 1,227.985 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். ஒரு மணி நேரத்திற்குள் எதிரெதிர்த் திசைகளில் இருமுறை ஓடி, அவற்றின் சராசரியே சாதனையாகக் கொள்ளப்பட்டது.

புதியவர்களும் பங்கேற்கும் இடம் யூட்டா மாநிலத்தின் பொன்னவில் உப்புச் சமவெளி. அங்கு 1949இல் வேக வாரம் தொடங்கியது. புதியவர் எடுத்த எடுப்பில் உச்ச வேகத்தில் ஓட முடியாது. குறைந்த வேகத்தில் ஓடிக் காட்டி, படிப்படியாக உரிமம் பெற வேண்டும். அதற்கும் முன்னால் வாகனச் சோதனை.

சோதனையாளர்கள் பார்ப்பவற்றுள் சில:

1. டயர் அந்த வேகத்தைத் தாங்கத் தக்கதா? காற்று வால்வுக்கு உலோக மூடி உண்டா?

2. மோட்டார் சைக்கிளில், ஓட்டுநரின் உடலோடு கயிற்றால் இணைத்த நிறுத்துவிசை உண்டா? அவர் விழுந்தால் கயிறு இழுபட்டு என்ஜின் நின்றுவிட வேண்டும்.

3. காரில் தீயணைப்பு அமைப்பும் பாதுகாப்புக் கூண்டும் முறையாக உள்ளனவா?

4. தலைக்கவசம், தீத்தடுப்பு உடை, பட்டைகள் எல்லாம் அணிந்த நிலையில், பிறர் உதவியின்றி ஓட்டுநர் விரைவாக வெளியேறிக் காட்டுவாரா?

இந்த நான்காவது சோதனை என்னைச் சிந்திக்க வைத்தது. எவ்வளவு வேகமாகப் போவாய் என்று அங்கே முதலில் கேட்பதில்லை. ஏதேனும் கெட்டுப்போனால் எப்படித் தப்பிப்பாய் என்றே கேட்கிறார்கள். சோதனை ஓட்டுநரின் திறமைமீது கொண்ட ஐயமன்று. இயந்திரம் திறமையைப் பார்த்துப் பழுதாவதில்லை என்ற அறிவு.

அன்பு மாணவர்களே, வேகத்தில் ஆசை உள்ளவர்களுக்கு 1999இல் திறக்கப்பட்ட செப்பாங் பந்தயத் தடம் போன்ற இடங்கள் உள்ளன. நெடுஞ்சாலையில் நள்ளிரவுப் பந்தயம் விடுவோருக்கு வாகனத்தைச் சோதிப்பவரும் இல்லை. விழுந்தால் ஓடி வரும் மருத்துவக் குழுவும் இல்லை.

பந்தயமே வேண்டாம் என்பவர்களும் விரிவுரைக்குக் கிளம்புமுன் டயர், பிரேக், சங்கிலி, விளக்கு ஆகிய நான்கையும் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும். இப்போது என் தந்தை லாரியைச் சுற்றிப் பார்க்கும் அதே காலை நேரத்தில், நானும் என் மோட்டார் சைக்கிளருகே குனிந்து பார்க்கிறேன்.