மரணக் குறிப்பின் மெய்ம்மை

கேள்வி: மருத்துவமனைத் தாள்களில் எழுதப்படும் நோய்க்குறியீட்டை நம்பி இருதய நோயின் அளவைக் கணிக்கலாமா?
– வாசகர், காலடிப்பேட்டை

பதில்: முழுமையாக நம்புவதற்கில்லை. சர்வதேச நோய்ப்பட்டியலின் பத்தாம் பதிப்பில் மாரடைப்புக்கு ஐ21 என்றும் இருதயம் நின்றுபோவதற்கு ஐ46 என்றும் தனித்தனிக் குறியீடுகள் இருந்தும், எந்த நோயால் இறந்தவர்க்கும் முடிவில் இருதயம் நிற்கவே செய்யுமாதலால், அவசரத்தில் மரணக் குறிப்பில் ‘இருதயம் நின்றது’ என்று மட்டும் எழுதிவிடுவது மூலகாரணத்தை மறைத்துவிடுகிறது. சென்னையில் 1995 முதல் 1997 வரை நோயால் நேர்ந்த சுமார் 48,000 வயதுவந்தோர் மரணங்களைப் பற்றி, ஆராய்ச்சியாளர்களான வி. கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் அவர்களுடைய சகாக்களும், குடும்பத்தாரிடம் அறிகுறிகளைக் கேட்டெழுதச் செய்து ஆராய்ந்தபோது, காரணம் தெளிவற்ற மரணங்களின் விகிதம் வெகுவாகக் குறைந்தது. ஆகையால், உங்கள் வடசென்னைக்கு எத்தகைய சிகிச்சை வசதி வேண்டுமென்பதைத் தீர்மானிக்க உதவும், மரண காரணத்தைக் குறிக்கும் அந்த ஒரு வரியை டாக்டர்கள் நிதானமாக எழுதுவதே தர்மம்.