அண்ணன் மகனுக்கு, கன்சோல் விஷயமாக

கழக்கூட்டம்

அன்புள்ள மக்களே,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்தேன். பிஎஸ்5 ஒன்றுதான் கன்சோல், எக்ஸ்பாக்ஸ் தோற்றுப்போனது, ஸ்விட்ச் சின்னப்பிள்ளை பொம்மை, மொபைலில் ஆடுகிறவன் கேமரே இல்லை, இந்தியாவில் செய்த கேம் எல்லாம் வேஸ்ட். ஐந்து தீர்ப்பு எழுதியிருக்கிறாய், ஒன்றுக்கும் சாட்சி இல்லை. இதே ஐந்தையும் இங்கே டெக்னோபார்க் பக்கத்து டீக்கடையில், மேம்பாலத்து இரைச்சலுக்கு நடுவே, மலையாளத்தில் அடிக்கடி கேட்கிறேன். பேசுகிறவர்கள் உன்னைவிட மூத்தவர்கள், மாதச் சம்பளக்காரர்கள். அதனால் உன் வயதைக் குறை சொல்ல மாட்டேன்.

என் வேலை உனக்குத் தெரியும். மருத்துவமனையில் பில் போடும் மென்பொருளை டெஸ்ட் செய்கிறேன். கேமுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்காதே. ‘பில் சரியில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் டெவலப்பர் அதைத் தொடக்கூட மாட்டார். எந்த பில்டு, எந்த மெஷின், வரிசையாக என்னென்ன செய்தாய், என்ன வரும் என்று எதிர்பார்த்தாய், என்ன வந்தது, இவ்வளவும் எழுதினால்தான் அது பக். இல்லையென்றால் வெறும் புலம்பல். ‘என் கம்ப்யூட்டரில் நல்லாத்தானே ஓடுது’ என்று டெவலப்பர் சொல்வது இந்தத் தொழிலில் பழைய நகைச்சுவை. சிரிப்புக்குரிய விஷயம் என்னவென்றால், பல சமயம் அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

சைபர்பங்க் 2077 கதையைப் பார். போலந்து நாட்டு சிடி புரொஜெக்ட் ரெட் செய்தது. 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. வெளிவருவதற்கு முன் விமர்சகர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஆடும் பதிப்பு மட்டுமே கொடுக்கப்பட்டது. அதை ஆடியவர்களில் பலர் பாராட்டி எழுதினார்கள். கடையில் வாங்கிப் பழைய பிஎஸ்4-ல் போட்டவனுக்கோ சாலையில் கார் திடீரென்று முளைத்தது, படம் திக்கியது, கேம் அடிக்கடி நின்றுபோனது. சோனி ஒரு வாரத்தில், டிசம்பர் 18-ல், அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. திரும்ப வைத்தது அடுத்த ஆண்டு ஜூனில். 2023 செப்டம்பரில் 2.0 என்ற பெரிய திருத்தம் வந்தது, ஆட்டமே புதிதானது. ஆனால் அந்தத் திருத்தம் பிஎஸ்4-க்கு வரவே இல்லை.

இப்போது நாலு பேர் பேசுகிறார்கள் என்று வை. கம்ப்யூட்டரில் முதல் நாள் ஆடியவன், பிஎஸ்4-ல் முதல் வாரம் ஆடியவன், 2023-க்குப் பிறகு பிஎஸ்5-ல் ஆடியவன், ஆடாமலே ட்ரெய்லர் பார்த்தவன். முதல் மூவர் ஒருவரை ஒருவர் பொய்யன் என்பார்கள். மூவரும் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். மெஷினையும் தேதியையும் சொல்ல மறந்ததுதான் சண்டைக்குக் காரணம். நாலாவது ஆளின் குரல்தான் எப்போதும் உயர்ந்திருக்கும் என்பதையும் கவனித்துக்கொள்.

உன் பட்டியலில் ‘எக்ஸ்பாக்ஸில் கன்ட்ரோலர் லேட்டாகக் கேட்கும்’ என்று ஒரு துணைத் தீர்ப்பும் இருக்கிறது. உன் சிநேகிதன் வீட்டில் ஆடிப் பார்த்திருக்கிறாய், நல்லது. ஆனால் அங்கே டிவி எது? புதிய டிவிக்கள் படத்தை மெருகேற்றுவதற்காக ஒவ்வொரு காட்சியையும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துப் பிறகுதான் காட்டும். சினிமா பார்க்கிறவனுக்கு அது தெரியாது. பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறவனுக்கு உடனே தெரியும். நொடிக்கு 60 காட்சி ஓடும் கேமில் ஒரு காட்சிக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி, 30 என்றால் 33.3. டிவி தன் பங்குக்கு இன்னொரு 50, 100 மில்லிநொடி சேர்த்துவிட்டால் குற்றவாளி கன்சோல் அல்ல. செட்டிங்கில் ‘கேம் மோட்’ என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டு மறுபடி ஆடிப் பார், பிறகு எழுது.

அடுத்தது எண். பிஎஸ்5-ன் கிராஃபிக்ஸ் திறன் 10.28 டெராஃப்ளாப், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12-க்குச் சற்று மேல். எஸ்எஸ்டி வேகத்தில் பிஎஸ்5 நொடிக்கு 5.5 கிகாபைட், எக்ஸ்பாக்ஸ் 2.4. இரண்டு கட்சிக்கும் ஆளுக்கு ஒரு எண் கிடைத்தது, 2020 முழுக்க அதை வைத்தே சண்டை. கடைசியில் இரண்டிலும் வந்த கேம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் வித்தியாசம் கண்டுபிடிக்கத் திரையை நிறுத்திப் பூதக்கண்ணாடி வைக்க வேண்டும். எண் பொய்யில்லை. எண்ணிலிருந்து நீங்கள் தாவின தாவல்தான் பொய்.

எங்கள் காலத்திலும் இது உண்டு. அன்றைக்கு டிவி கேம் பெட்டி ‘மீடியா’வா ‘சாமுராய்’யா என்று தெருவே இரண்டுபட்டது. டிவி கேம் கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது சில பத்து கேம், அதையே பேர் மாற்றி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பெட்டியின் மேல் போடும் எண்ணை நம்பாதே என்று அப்போதே பாடம் கிடைத்துவிட்டது.

எண்ணில் தோற்று ஆட்டத்தில் ஜெயித்த கதை ஒன்று சொல்கிறேன். 1989-ல் நின்டெண்டோ கேம்பாய் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் குன்பெய் யோகோய். பாசிப்பச்சைத் திரை, நாலே சாயல், கலர் கிடையாது, திரையில் விளக்கும் கிடையாது. அதே ஆண்டு அடாரியின் லிங்ஸ் கலரில் வந்தது. அடுத்த ஆண்டு செகாவின் கேம் கியரும் கலரில் வந்தது. கடைக் கண்ணாடிக்குள் பார்த்தால் கேம்பாய் பரிதாபமாக இருந்திருக்கும். ஆனால் கேம் கியர் ஆறு பென்சில் பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். கேம்பாய் நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். பேட்டரிக்குக் காசு கேட்டு அப்பாவிடம் நிற்க வேண்டிய பிள்ளைக்கு எது நல்ல மெஷின்? யோகோய் வேண்டுமென்றே பழகித் தேய்ந்த, விலை இறங்கிய பாகங்களை எடுத்தார். நன்கு தெரிந்த பாகத்தை வைத்துப் புதிய விளையாட்டு யோசிப்பதே அவர் வழி. கேம்பாயும் பின்னால் வந்த அதன் கலர் மாடலும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன. கேம் கியர் சுமார் 1 கோடி.

நீ பொம்மை என்ற ஸ்விட்ச் அந்தப் பரம்பரைதான். 2017-ல் வந்தபோதே அதன் சிப் இரண்டு வருடம் பழசு. 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அதை நின்டெண்டோ இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு விட்டதில்லை. இந்தப் பக்கம் அது வந்து சேர்ந்ததெல்லாம் வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில், இல்லையென்றால் கடைக்காரர் தாமே இறக்கியது. ரிப்பேர் வந்தால் கம்பெனி வாரண்டி கிடைக்காது. ஸ்விட்ச் வேண்டாம் என்று சொல்ல உனக்கு இந்த ஒரு நல்ல காரணம் இருந்தது, அதை நீ சொல்லவில்லை.

அப்படியானால் கையில் இல்லாத மெஷின் மேல் ஏன் இவ்வளவு கோபம்? பிஎஸ்5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று விற்பனைக்கு வந்தது, டிஸ்க் மாடல் 49,990 ரூபாய். நம் வீடுகளில் இரண்டு கன்சோல் வாங்குவது நடக்காத காரியம். ஒன்றை வாங்கிவிட்டால் ஆறேழு வருடம் அதுதான். வாங்காத மெஷினை யாராவது புகழ்ந்தால் அது தன் பணத்தை, அப்பாவிடம் கெஞ்சியதைக் குறை சொல்வது போலக் காதில் விழுகிறது. இதை 1956-லேயே ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்திருக்கிறார். டோஸ்டர், ரேடியோ மாதிரி வீட்டுச் சாமான்களுக்குப் பெண்களிடம் மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். திரும்ப மதிப்பெண் கேட்டபோது, எடுத்துக்கொண்டதற்கு மதிப்பு ஏறியிருந்தது, விட்டதற்கு இறங்கியிருந்தது. நடுவில் சாமான் ஒன்றும் மாறவில்லை.

கம்பெனிக்கு இந்த விசுவாசம் லாபம். ஆப்பிள் மீது எபிக் தொடுத்த வழக்கில், எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்பதில் தங்களுக்கு லாபமே கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் 2021-ல் சாட்சி சொன்னார். பிறகு பணம் எங்கே? அவர்கள் கடையில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் சுமார் 30 சதவீதம் அவர்களுக்கு. பெட்டி என்பது கடைக்குள் உன்னைக் கூட்டிப்போகும் வாசல். டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் விலை குறைவு என்று சந்தோஷப்படுகிறாயே, டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தாதவரை அதில் செகண்ட்ஹேண்ட் டிஸ்க் போட முடியாது, ஆடி முடித்ததை விற்கவும் முடியாது. 4,999 ரூபாய் கேமை மூன்று சிநேகிதர்கள் மாற்றி மாற்றி ஆடுகிற நம் ஊர் வழக்கத்துக்கு எந்த மாடல் சரி என்று கணக்குப் போட்டுப் பார். வாங்குகிறவனுக்கு உபயோகமான அபிப்பிராயம் அதுதான், டெராஃப்ளாப் அல்ல.

மொபைல் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நாலு விரலில் கிளா பிடித்து, ஜைரோ வைத்துக் குறிபார்க்கும் பையன்களை ரயிலில் பார்த்திருக்கிறேன். 2020 செப்டம்பரில் பப்ஜி தடையானபோது இந்த நாட்டில் எத்தனை வீட்டில் ஒப்பாரி என்று உனக்கே தெரியும். அவர்களைக் கேமர் இல்லை என்று சொல்ல நீ யார்?

இந்திய கேம் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கோபம். 2009-ல் ஹைதராபாதில் செய்து பிஎஸ்2-வில் வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ மோசமான கேம், ஒத்துக்கொள்கிறேன். அதை வைத்து 2020-ல் புனேயின் நோடிங் ஹெட்ஸ் கொடுத்த ‘ராஜி’யையும் தள்ளிவிடுவாயா? நடுவில் பதினொரு வருடம். அந்த வருடங்களில் நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. 1997-ல் பெங்களூரில் தொடங்கிய துருவா போன்ற ஸ்டுடியோக்கள் வெளிநாட்டு கேம்களுக்கு வரைந்து கொடுத்தே கை தேர்ந்தன. இங்கே எங்கள் டெக்னோபார்க் வளாகத்திலேயே 1999 முதல் டூன்ஸ் நிறுவனம் கார்ட்டூன் செய்கிறது, தெனாலிராமன் தொடர் இங்கிருந்து போனதுதான். வரைகிற கை இருந்தது. சொந்தக் கதைக்குப் பணம் போட ஆள்தான் இல்லை.

பிறகு ‘வெண்பா’. இந்தியாவில் செய்ததல்ல, ஆனால் நம் கதை. டொரொன்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது, 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. 1988-ல் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். பாட்டியின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட படியை நீ கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும், புட்டுக் குழலில் எதற்குப் பிறகு எது, இதுதான் புதிர். 2024-ல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும் பரிசும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் வாங்கியது.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் ‘காசுக்கு நேரம் பத்தாது’ என்பவர்கள் உண்டு. பணம் எண்ணிச் செலவழிக்கிறவன் அப்படிக் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் மணிக்கு இத்தனை ரூபாய் என்று அளந்தால் ஒரே வேலையை நூறு தடவை செய்ய வைக்கிற கேம்தான் எப்போதும் ஜெயிக்கும். புட்டு அவிப்பதைத் தினமும் பார்க்கிற நாகர்கோவில் பையனும், அதைப் பார்த்தே இராத நார்வேக்காரனும் அந்தப் புதிரில் ஒரே சிரமத்தைப் பார்க்க மாட்டார்கள். உனக்கு அது சுலபமாக இருந்தால், யாருக்குச் சுலபம் என்பதையும் சேர்த்து எழுது. இந்த ஒரு விஷயத்தில் உன் சாட்சி உலகத்தில் பலரைவிடப் பெறுமதியானது.

முடிந்தால் இன்னொன்றும் செய். கேரளத்தில் 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று ஒரு திட்டம் நடக்கிறது. உன் வயதுப் பிள்ளைகள் ஸ்க்ராட்ச் வைத்துச் சின்ன கேம் செய்கிறார்கள். ஸ்க்ராட்ச் இலவசம், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும். ஒரு பூனை ஒரு பெட்டி மேல் குதிக்க வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு உயரம், விழும் வேகம் எவ்வளவு, விளிம்பில் கால் பட்டால் நிற்பதா விழுவதா என்று ஒரு சாயங்காலம் மண்டையை உடைத்துக்கொள். அதன் பிறகு மரியோ குதிப்பதைப் பார்க்கும் கண் வேறாகிவிடும்.

கடைசியாக உங்க அப்பா. ‘கேம் என்றாலே சூதாட்டம், பைத்தியம்’ என்பது அவர் தீர்ப்பு. அவர் பேப்பரில் படிப்பது ரம்மியில் பணம் போனவர்களின் செய்தி. அது உண்மையான துக்கம். அதற்காகத்தான் தமிழ்நாடு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. கேரளம் 2021-ல் ரம்மிக்குப் போட்ட தடை அதே ஆண்டு உயர்நீதிமன்றத்தில் ரத்தானது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. அந்தச் சட்டமே பண ஆட்டம் வேறு, இ-ஸ்போர்ட்ஸ் வேறு என்று பிரித்துத்தான் பேசுகிறது. உலக சுகாதார நிறுவனம் ‘கேமிங் கோளாறு’ என்று ஒன்றை நோய்ப் பட்டியலில் சேர்த்திருப்பதும் உண்மை. ஆட்டத்தை நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைப்பது, கெடுதல் வந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருடமாவது நீடித்தால் என்று அளவு சொல்லியிருக்கிறார்கள். இதை அப்பாவிடம் மறைக்காதே. நீயே எடுத்துக் காட்டு, உன் பரீட்சை மார்க்கோடு.

அவரும் ஒரு காலத்தில் கான்ட்ராவில் பாலம் வெடிக்கும் இடத்தில் தினமும் செத்தவர்தான், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார். அவர் எந்த பட்டனைத் தேடுகிறார், எங்கே தடுக்குகிறார் என்று நோட்டில் குறித்து, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஐந்து தீர்ப்பையும் இன்னொரு தடவை எழுதி அதோடு வை. மெஷின், வெர்ஷன், தேதி இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
அத்தை