ஜேம்ஸ் கேரியும் உன் 12 வரிச் செய்தியும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய செய்தி நறுக்கைப் படித்தேன். ஒரு விவசாயியின் சாவைப் பற்றி மொத்தம் 12 வரி. ஊர்ப்பெயர், வயது, ‘கடன் தொல்லையால் மனமுடைந்த விவசாயி’ என்றொரு தொடர், போலீசார் விசாரித்து வருகின்றனர் என்று ஒரு முடிப்பு. கூடவே, “தகவலைச் சேர்த்துவிட்டேன் அண்ணே, இதற்குமேல் நிருபருக்கு என்ன வேலை?” என்று கேட்டிருந்தாய். நிறைய வேலை இருக்கிறது. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஒருவர் உண்டு.

ஜேம்ஸ் கேரி. அமெரிக்காவில் இதழியல் படித்த பல தலைமுறையினர் அன்போடு நினைவுகூரும் தகவல் தொடர்பியல் பேராசிரியர். 1934இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில், தொழிலாளர்கள் வாழும் பகுதியில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே இதயக் கோளாறு தெரியவந்ததால் பதின்வயதுவரை பள்ளிக்கூடம் அவருக்குப் பெரும்பாலும் வாய்க்கவில்லை. மற்றப் பிள்ளைகள் வகுப்பில் இருந்த நேரத்தில் இவர் அக்கம்பக்கத்துப் பெரியவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தார். பிறகு படித்து, 1963இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். 1979 முதல் 1992 வரை அங்கேயே தகவல் தொடர்புக் கல்லூரியின் டீன். அதன்பின் நியூயார்க்கில் கொலம்பியா இதழியல் பள்ளி. 2006 மே மாதம் மறையும்வரை ஆசிரியர்தான். அவர் எழுதியதெல்லாம் அந்தப் பிராவிடன்ஸ் தெருவிலிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றும்.

உன் கேள்விக்கு வருகிறேன். ‘தகவலைச் சேர்த்துவிட்டேன்’ என்கிறாய். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தகவல் தொடர்பு என்று அவர் காலத்து ஆராய்ச்சியாளர்களும் நினைத்தார்கள். செய்தி யாரை எட்டியது, அவர் மனத்தை எவ்வளவு மாற்றியது என்று அளந்துகொண்டிருந்தார்கள். 1975இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் கேரி வேறொரு பார்வையை முன்வைத்தார். பத்திரிகை படிப்பது தேவாலயத்தில் பூசைக்குப் போவதைப் போன்றது என்றார். அங்கே புதிதாக எதையும் தெரிந்துகொள்ளாமல் போகலாம். ஆனால் நாம் எப்படிப்பட்ட உலகத்தில், யாரோடு வாழ்கிறோம் என்பது அங்கே உறுதிப்படுகிறது. மக்கள் கூடிப் பேசுவதில்தான் சமூகமே உருவாகிறது என்ற தத்துவவாதி ஜான் டூயியின் சிந்தனையிலிருந்து அவர் இதை வளர்த்தெடுத்தார். டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்க வாசிக்க, நான்கு பேர் கேட்டு, ஐந்தாவது ஆள் குறுக்கிட்டு வாதம் தொடங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் அந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார விடப்படாதவர்கள் யார்? தனிக் குவளையில் டீ வாங்கிக் குடித்தவர்களும், அந்தப் பக்கமே வராத பெண்களும் இருந்தார்கள். கேரியின் பார்வையில் அதிகாரம் பற்றிய கேள்வி வலுவாக இல்லை என்ற விமர்சனம் உண்டு. அது நியாயமானது என்பதே என் எண்ணம். அவரைப் படிக்கும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்.

உன் 12 வரி எந்த ஊருக்கும் பொருந்தும்படி இருப்பதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் கிடைக்கிறது. தந்தியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1983இல் வந்தது. தந்திக்கு முன் செய்தி மனிதர்களோடும் குதிரையோடும் ரயிலோடும் போனது. தந்தி அதை மட்டும் தனியாகப் பிரித்து ஓட விட்டது. பல ஊர்ப் பத்திரிகைகளுக்கு ஒரே செய்தியை அனுப்பிய செய்தி நிறுவனங்கள் எல்லோருக்கும் ஒத்துவரும் மொழியைத் தேடின. ஊர்வாசனை போயிற்று. சுருக்கமும் வறட்சியும் தொழில் நேர்த்தி ஆயின. தந்தி சேவையை இந்தியா 2013இல் நிறுத்திவிட்டது. அதன் நடை மட்டும் உன் டெஸ்க்கில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

நீ மிகவும் கவனிக்க வேண்டியது 1986இல் வந்த இன்னொரு கட்டுரை. யார், என்ன, எங்கே, எப்போது என்பவற்றுக்குப் பத்திரிகைகள் உடனே பதில் சொல்லிவிடுகின்றன. ‘ஏன்’, ‘எப்படி’ இரண்டும்தான் இருட்டில் கிடக்கின்றன என்றார். அவசரத்தில் ‘ஏன்’ என்பதை ஒரு தனிமனிதரின் நோக்கமாகச் சுருக்கிவிடுகிறோம். அவர் பேசியது அமெரிக்கப் பத்திரிகைகளைப் பற்றி. நம் பக்கங்களில் ‘குடும்பத் தகராறு காரணமாக’, ‘கடன் தொல்லையால்’ என்று அச்சாகிறதே, அதுவும் இதே வேலைதான். ஒரு சாவுக்கான முழுக் காரணத்தையும் இறந்தவரின் மனத்துக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறது. காரணங்கள், விளைவுகள், இதற்கு என்ன பொருள் என்பவை வெளியே நின்றுவிடுகின்றன.

அதற்காக அவர் நிருபரைக் குற்றம் சொல்லவில்லை. இதழியலை ஒற்றைச் செய்தியாகப் பார்க்கக் கூடாது என்றார். முதல்நாள் செய்தி, தொடர் செய்தி, தலையங்கம், வார இதழின் நீண்ட கட்டுரை, சில ஆண்டுகள் கழித்து வரும் புத்தகம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு முழுப் பதில். ஆகவே உன் 12 வரியில் தவறில்லை. அதோடு நின்றால்தான் தவறு.

அதனால் அந்த ஊருக்குத் திரும்பப் போ. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அந்த ஊருக்கு எவ்வளவு பயிர்க்கடன் கொடுத்தார்கள், யாருக்கு மறுத்தார்கள் என்று கேள். காப்பீட்டுப் பணம் வந்ததா? ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி போயிருக்கிறது, அதற்கு யாரிடம் வட்டிக்கு வாங்கினார்கள்? மைக்ரோ ஃபைனான்ஸ் வசூலுக்கு வருபவர்கள் எந்தக் கிழமை வருகிறார்கள்? டீக்கடையில் உட்கார். அதன்பின் நூறுநாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பெண்களின் பேச்சைக் கேள். காலனிக்கும் போ. நோட்டை முதலிலேயே எடுக்காதே. இறந்தவரின் வீட்டுக்கு மட்டும், அவர்கள் சம்மதித்தால், கடைசியாகப் போ. துக்க வீட்டில் நம் டெட்லைன் செல்லாது.

கேரி பெரிய நூல்களை எழுதிக் குவித்தவர் இல்லை. 1989இல் வந்த ‘கம்யூனிகேஷன் ஆஸ் கல்ச்சர்’ கூடக் கட்டுரைத் தொகுப்புதான். அதற்காக அவரை ஒரு படி கீழே வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பதுபோல எழுதியவருக்குக் கட்டுரைதான் சரியான அளவு. 1997இல் மன்சன், வாரன் என்ற இருவர் தொகுத்த நூலில் அவருடைய கட்டுரைகளோடு அவற்றை எடுத்துப் பேசும் பிறர் கட்டுரைகளும் இருக்கின்றன. ஓர் ஆசிரியருக்கு இதைவிட நல்ல மரியாதை எனக்குத் தெரியவில்லை.

1986 கட்டுரையை முதலில் படி, பூசை பற்றியதைப் பிறகு படி. தந்திக் கட்டுரை கொஞ்சம் கடினம், அவசரமில்லை. ஊருக்குப் போய்வந்து எழுதியதை டெஸ்க்குக்குக் கொடுக்குமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. நீளத்தைப் பற்றிக் கவலைப்படாதே, உன் செய்தி ஆசிரியரிடம் இடம் கேட்டு நானும் பேசுகிறேன். கடன் சங்கச் செயலாளர் பதிவேட்டைக் காட்ட மறுத்தால், கூட்டுறவுத் துறையின் பதிவாளரிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். எழுத நான் உதவுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்