திறவாத வட்டும் மீட்புத் திறவுகோலும்

கணினி வட்டிலுள்ளவற்றை மறைமொழியாக்கிக் காப்பது பிட்லாக்கர். அது திடீரென மீட்புத் திறவுகோலைக் கேட்குமாயின், வட்டு பழுதுற்றதென நாம் அஞ்சவேண்டுவதில்லை. பொறியைத் தொடக்கும் அமைப்பிலே மாறுதல் நேர்ந்தக்கால், உள்ளே திறவுகோலைக் காத்துநிற்கும் டிபிஎம் சில்லு ஐயுற்று அதனைத் தர மறுக்கும். மாறுதலை நீக்கின் மீளத் தருதலும் உண்டு. இன்றேல் மீட்புத் திறவுகோலே துணை.

அஃது 48 இலக்கமுடையது. ஆறாறாக எட்டுக் கூறுகளாய் நிற்பது. ஒவ்வொரு கூறும் 11-ஆல் மீதியின்றி வகுபடும்; வகுபடாத கூற்றிலே படியெடுத்த பிழை உண்டென்று துணியலாம். யாவும் வகுபட்டும் திறவாதாயின், திரையிற் காணும் அடையாள எண்ணும் நம் குறிப்பிலுள்ளதும் ஒன்றேயோ என நோக்குக. வேறொரு வட்டின் திறவுகோலாயிருத்தல் கூடும்.

திறவுகோலை முற்றும் இழந்தார்க்கு வட்டை அழித்துப் புதிதாக்கலன்றி வழியில்லை. பல்லாண்டு உழைத்த ஆய்வேடும் அதனொடு போம். ஆதலின் திறவுகோலைத் தாளிலெழுதிப் பொறியினின்று வேறிடத்தே வைத்தல் நம் கடனாம்.