கமத்தொழிலிற் புரொப்பேன் வாயுவின் பயன்

நிலத்தைப் பண்படுத்தி, வித்திட்டு, களை களைந்து விளைவித்த பயிர், அறுவடைக்குப்பின் சில நாள்களுள் ஈரத்தினாற் பூஞ்சணம் பிடித்துப் பாழாகுமாயின், கமக்காரனுக்கு அதனினும் பெரிய இழப்பு வேறில்லை. நம் நாட்டிற் கதிரவன் அவ்விழப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றான். கதிரவன் கைகொடாத குளிர்நாட்டுக் கமக்காரர் யாது செய்வர்? அவர்களுக்குத் துணைநிற்கும் எரிபொருள்களுள் ஒன்றாகிய புரொப்பேனின் இயல்பையும் பயனையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

புரொப்பேன் என்பது யாது?

நம் சமையலறைச் சிலிண்டரில் அடங்கியிருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலவையாகும். இவற்றுள் புரொப்பேன், மூன்று காபன் அணுக்களும் எட்டு ஐதரசன் அணுக்களும் சேர்ந்தமைந்த ஐதரோகாபன். இயற்கைவாயுவைப் பதப்படுத்தும்போதும் பெற்றோலியத்தைச் சுத்திகரிக்கும்போதும் இது கிடைக்கின்றது. பெற்றோலிலிருந்து எளிதில் ஆவியாகும் பகுதிகளுள் இஃது ஒன்றென 1910ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயன அறிஞர் வோல்டர் சினெல்லிங் கண்டறிந்தார்.

சாதாரண அமுக்கத்தில், பூச்சியத்துக்குக் கீழ் 42 பாகை சதமளவையிலேயே கொதித்து வாயுவாகும் இப்பொருள், அமுக்கத்துக்கு உட்படுத்தத் திரவமாகி, ஏறக்குறைய 270இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஆதலின், எரிவாயுக் குழாய்கள் எட்டாத கமங்களுக்கும் இதனைக் கொண்டுசென்று தாங்கிகளிற் சேமிக்கலாம். நாட்பட இருப்பினும் இது கெடுவதில்லை. கசிந்தாலும் ஆவியாகிவிடுமாதலின், டீசலைப்போல மண்ணையும் கிணற்றையும் மாசுபடுத்துவதில்லை.

தானியம் உலர்த்தல்

அமெரிக்காவின் அயோவா, இல்லினோய் முதலிய மாநிலங்களிற் சோளம் குளிர் நெருங்கும் இலையுதிர் காலத்தில் அறுவடையாகின்றது. அப்போது மணியில் நூற்றுக்கு 20 முதல் 25 வீதம் ஈரம் இருத்தல் கூடும். களஞ்சியப்படுத்துவதற்கு அது 15 வீதமளவுக்குக் குறைதல் வேண்டும். புரொப்பேனை எரித்துச் சூடாக்கிய காற்றை மணிகளினூடே செலுத்தி ஈரத்தை அகற்றுவர். ஒரு புசல் சோளத்தில் ஒரு வீத ஈரத்தை நீக்க ஏறக்குறைய 0.02 அமெரிக்கக் கலன் தேவை. ஓர் ஏக்கரில் 200 புசல் விளைந்து, பத்து வீத ஈரம் நீக்கவேண்டியிருப்பின், 40 கலன் செலவாகும்.

இதன் சுவாலையை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் இயலும். இது பெரிய நன்மை. ஏனெனில் விதைச்சோளத்தை 43 பாகைக்கு மேற் சூடாக்கின் அதன் முளைதிறன் கெட்டுவிடும்.

ஏனைய பயன்கள்

பொரித்த கோழிக்குஞ்சுகளுக்கு முதல் நாள்களில் 32 முதல் 35 பாகை வரையிலான வெப்பம் வேண்டும். குளிர்நாட்டுக் கோழிப்பண்ணைகளில் அதனை அளிப்பது பெரும்பாலும் புரொப்பேன் கணப்புகளே. நீரிறைக்கும் இயந்திரங்களையும் இதனால் இயக்கலாம். களைகளின்மீது இதன் சுவாலையை ஒரு கணம் படவிட, அவற்றின் கலங்கள் சிதைந்து களைகள் மடியும். இளஞ்சோளத்தின் வளர்நுனியோ மண்ணுக்குள் இருத்தலால் அது மீண்டும் துளிர்க்கும். களைகொல்லி நஞ்சு தவிர்ப்போர்க்கு இம்முறை உகந்தது.

சமவளவு வெப்பத்துக்கு, டீசலிலும் ஏறக்குறைய ஏழிலொரு பங்கு குறைவான காபனீரொட்சைட்டையே இது வெளிவிடும். எனினும் இதுவும் நிலத்தடியிற் பெறும் எரிபொருளே என்பதை மறத்தலாகாது.

கவனிக்க வேண்டியவை

இவ்வாயு காற்றினும் ஒன்றரை மடங்கு பாரமானது. கசிந்தால் மேலெழாது பள்ளங்களிற் தங்கி, ஒரு பொறியால் வெடிக்கக்கூடும். இயல்பில் மணமற்றதாதலின், கசிவை உணர்த்துதற்பொருட்டு எதயில் மேர்கப்டன் என்னும் துர்நாற்றப் பொருளைச் சேர்க்கின்றனர். 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையிற் சமையல் எரிவாயு வெடிப்புகள் பல நிகழ்ந்தமையை வாசகர் மறந்திரார். காற்றோட்டமற்ற கொட்டிலில் எரிப்பின், நச்சுடைய காபனோரொட்சைட்டு உண்டாகும்.

தட்டுப்பாடும் நேர்வதுண்டு. 2019ஆம் ஆண்டில் மழை மிகுந்து விதைப்புத் தாமதித்தது; சோளம் ஈரத்தோடு அறுவடையாயிற்று; குளிரும் முந்தி வந்தது. களமும் வீடும் ஒருசேரப் புரொப்பேனை வேண்டவே, வழங்கல் ஈடுகொடுக்கவில்லை. அயோவா முதலிய மாநிலங்களின் ஆளுநர்கள், எரிபொருள் வாகனச் சாரதிகளின் வேலைநேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தவேண்டியதாயிற்று. கோடையிலேயே தாங்கியை நிரப்பிவைத்தோர் அந்நாளில் இடர் குறைந்திருந்தனர்.

ஆகவே, புரொப்பேன் கமக்காரனுக்கு அளிப்பது வெறும் வெப்பமன்று. தேவைப்பட்ட நாளில், தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட அளவில் வெப்பம். அப்பயனை முழுமையாகப் பெறுபவன், அதன் இயல்பறிந்து அஞ்சவேண்டியதற்கு அஞ்சி, வேண்டியதை வேண்டுமுன் சேமிப்பவனே.